பிரின்சஸ் பிரைட்: வீட்டில் உட்கார்ந்து பார்க்கவே பிறந்த படம்

பள்ளி நாட்களில் வீடியோ கேசட்டில் பார்த்து மயங்கிய 'தி பிரின்சஸ் பிரைட்' படத்தை, இப்போது 9 வயது மகளோடு வீட்டில் மறுபடி பார்க்க ஆசையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படம் இன்றைக்கும் நிற்குமா, சின்னப் பிள்ளைக்குச் சரிப்படுமா, பெரிய திரையில் பார்க்காமல் போனது இழப்பா, டிஸ்க் வாங்குவதானால் எதை வாங்குவது என்பவை உங்கள் கேள்விகள்.

நிற்கும். மகளோடு தாராளமாகப் பாருங்கள். தியேட்டரில் பார்க்கவில்லையே என்று வருத்தப்படவே வேண்டாம். இந்தப் படத்தை உலகம் கண்டுகொண்டதே வீட்டில்தான். அதோடு, வீட்டில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்க்கிற மாதிரிதான் இதன் கதையையே கட்டியிருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மறுபடி பார்க்கும்போது எதையெல்லாம் கவனிக்கலாம் என்பதும் அதிலேயே வந்துவிடும்.

முதலில் படம் வந்த கதை. வில்லியம் கோல்ட்மன் இந்த நாவலை எழுதி வெளியிட்டது 1973-இல். ஊருக்குக் கிளம்பும் முன்பு தன் இரண்டு மகள்களிடமும் "உங்களுக்கு எதைப் பற்றிக் கதை எழுதட்டும்?" என்று கேட்டாராம். ஒருத்தி இளவரசி என்றாளாம், இன்னொருத்தி மணப்பெண் என்றாளாம். அப்படியே அது தலைப்பாகிவிட்டது. நாவல் வந்த கையோடு படமாக்கும் உரிமையை டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் வாங்கியது. ஆனால் ஸ்டுடியோவில் தலைமை மாறியதும் திட்டம் தூங்கிப்போனது. கோல்ட்மன் தன் கைக்காசைப் போட்டு உரிமையைத் திரும்ப வாங்கிவைத்துக்கொண்டார். பல இயக்குநர்கள் கைவைத்துப் பார்த்து விட்டுவிட்ட கதை, கடைசியில் ராப் ரைனரிடம் வந்து சேர்ந்தது. அவருக்கு அந்தப் புத்தகத்தை முதலில் கொடுத்தவர் அவருடைய அப்பா கார்ல் ரைனர். பணம் போட்டவர் நார்மன் லியர்.

சுமார் 1.6 கோடி டாலர் செலவில் 1986-இல் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் எடுத்தார்கள். மறு ஆண்டு செப்டம்பரில் வெளியாகி, அமெரிக்கத் தியேட்டர்களில் வசூலானது சுமார் 3 கோடி டாலர். தோல்வி என்று சொல்ல முடியாது, பெரிய வெற்றியும் இல்லை. இதை எப்படி விற்பதென்று விநியோகஸ்தர்களுக்குப் பிடிபடவில்லை. காதல் கதையா, வாள்சண்டைப் படமா, குழந்தைகளுக்கான தேவதைக் கதையா, தேவதைக் கதைகளைக் கேலி செய்கிற படமா? எல்லாமும்தான். எல்லாமும் என்று ஒரு போஸ்டரில் எழுத முடியுமா? ஒரு போஸ்டரில் தாத்தா பேரனுக்குப் புத்தகம் வாசிக்கிற நிழலுருவத்தை மட்டும் போட்டார்கள். சனிக்கிழமை இரவு வாள்சண்டை பார்க்க வருகிறவரை அது எப்படித் தியேட்டருக்குள் இழுக்கும்?

கேசட் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. வாடகைக்கு எடுத்துப் பார்த்தவர்கள் அடுத்தவருக்குச் சொன்னார்கள். பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். கூடவே உட்கார்ந்த பெற்றோருக்கும் அலுக்கவில்லை. தலைமுறை தாண்டி வசனங்கள் மனப்பாடமாகின. 2016-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. தியேட்டரில் சுமாராக ஓடி, வீட்டில் வாழ்ந்து, பிறகு நாட்டின் சொத்தான படம் இது.

நீங்கள் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பதால் கதையை இரண்டு வரியில் நினைவுபடுத்துகிறேன். பண்ணையில் வளரும் பட்டர்கப்பும் அங்கே வேலை செய்யும் வெஸ்ட்லியும் காதலிக்கிறார்கள். பொருள் தேடிக் கடல் கடந்த வெஸ்ட்லி கடற்கொள்ளையனிடம் சிக்கி இறந்துவிட்டதாகச் சேதி வருகிறது. ஐந்து ஆண்டு கழித்து நாட்டின் இளவரசன் ஹம்பர்டிங்க் அவளை மணக்க ஏற்பாடு செய்கிறான். அந்த நேரத்தில் மூன்று பேர் அவளைக் கடத்துகிறார்கள், அவர்களைத் துரத்திக்கொண்டு கறுப்பு உடையில் முகமூடிக்காரன் ஒருவன் வருகிறான். இவ்வளவையும், காய்ச்சலில் படுத்திருக்கும் பேரனுக்கு ஒரு தாத்தா புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டுகிறார்.

இந்தத் தாத்தாவும் பேரனும்தான் படத்தின் அச்சாணி. சிறு வயதில் பார்த்தபோது இவர்கள் நடுவில் வந்து கெடுக்கிறார்களே என்று பலருக்கும் தோன்றியிருக்கும். இப்போது அவர்களையே கவனியுங்கள். படம் கறுப்புத் திரையில் ஒரு சிறுவனின் இருமலோடு தொடங்குகிறது. அடுத்து திரை முழுக்க அவன் கட்டிலில் இருந்தபடி ஆடும் பேஸ்பால் வீடியோ கேம். கோட்டையும் இல்லை, குதிரையும் இல்லை. தாத்தாவாக வரும் பீட்டர் ஃபாக் உள்ளே வந்து புத்தகத்தை எடுக்கிறார். பேரனாக வரும் ஃபிரெட் சாவேஜுக்கு அதில் துளியும் ஆர்வமில்லை. இதில் விளையாட்டு ஏதாவது இருக்கிறதா, இது முத்தக் கதையா என்றெல்லாம் விசாரிக்கிறான்.

கடலில் குதித்த பட்டர்கப்பை நோக்கி அலறும் விலாங்கு மீன்கள் வரும் இடத்தைப் பாருங்கள். மீன் வாயைத் திறந்து பாய்கிற நொடியில் படம் நின்றுவிடுகிறது. தாத்தா, "இப்போது மீன்கள் அவளைத் தின்னப்போவதில்லை, நீ பயந்த மாதிரி இருந்தது, அதனால் சொன்னேன்" என்கிறார். பயமெல்லாம் இல்லை, கொஞ்சம் கவலை, அவ்வளவுதான் என்று சமாளிக்கிறான் பையன். அவன் விரல்கள் போர்வையை இறுகப் பிடித்திருக்கின்றன. மறுபடி தொடங்கும்போது தாத்தா இடம் தவறி, முன்பே வந்த வசனத்தைத் திரும்ப வாசிக்க, திரையிலும் அதே காட்சி திரும்ப வருகிறது. "அதெல்லாம் வாசித்தாயிற்று தாத்தா" என்கிறான் பையன்.

நிறுத்துவது, பின்னால் ஓட்டுவது, மறுபடி போடுவது. ரிமோட்டை வைத்து நாம் செய்கிற எல்லாவற்றையும் இந்தப் படம் தனக்குத்தானே செய்துகொள்கிறது. இருட்டில் முந்நூறு பேர் மௌனமாக உட்கார்ந்திருக்கும் தியேட்டரில் இந்த இடையூறு ஒரு உத்தியாக மட்டுமே தெரியும். உங்கள் சோபாவில், பக்கத்தில் ஒரு பிள்ளை "அப்புறம் என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும்போது, திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே காரியம் நடக்கும். அதனால் உங்கள் மகள் நடுவில் கேள்வி கேட்டால் அடக்காதீர்கள். நிறுத்திப் பதில் சொல்லிவிட்டு மேலே ஓட்டுங்கள்.

நாவலில் இந்த ஏற்பாடு வேறு மாதிரி. எஸ். மோர்கன்ஸ்டெர்ன் என்ற, இல்லாத எழுத்தாளர் ஒருவர் எழுதிய தடிமனான புத்தகத்தை அப்பா வாசித்துக் காட்டியதாகவும், சலிப்பான பகுதிகளை வெட்டிவிட்டுச் சுவையான பகுதிகளை மட்டும் தான் தொகுத்துத் தருவதாகவும் கோல்ட்மன் பாவனை செய்வார். அதில் நடுவயது மனிதனின் கசப்பு நிறைய உண்டு. திரைக்கதையையும் அவரே எழுதினார். கசப்பை எடுத்துவிட்டுத் தாத்தாவையும் பேரனையும் வைத்தார். ஒரே ஆள் தன் நாவலைத் தானே இவ்வளவு துணிச்சலாக மாற்றி, இரண்டையும் நல்ல படைப்பாக நிறுத்தியது அபூர்வம்.

அடுத்து வாள்சண்டை. கோல்ட்மனின் எழுத்து எவ்வளவு நுட்பமானது என்று ஒரே காட்சியில் பார்க்க வேண்டுமானால் பாறை உச்சியில், கடத்திய மூவரில் ஒருவனான இனிகோ மொன்டோயாவும் முகமூடிக்காரனும் மோதும் காட்சியைப் பாருங்கள். பாறை ஏறும் தூரக்காட்சிகள் அயர்லாந்தின் மோஹர் செங்குத்துப் பாறைகளில் எடுத்தவை. சண்டை நடக்கும் இடிந்த கோட்டை லண்டனுக்கு அருகே ஷெப்பர்ட்டன் ஸ்டுடியோவில் போட்ட செட்.

சண்டைக்கு முன்பு நடப்பதே அழகு. இனிகோ மேலே காத்திருக்கிறான். கீழே ஒருவன் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருக்கிறான். காத்திருந்து சலித்துப்போன இனிகோ, கயிறு போடட்டுமா என்று கேட்கிறான். கொல்லப்போகிறவன் கையால் கயிறா? அவன் நம்பவில்லை. தன் தந்தை டொமிங்கோ மொன்டோயாவின் ஆன்மா மேல் சத்தியம் என்று இனிகோ சொன்னதும் கயிற்றைப் பிடிக்கிறான். மேலே வந்ததும் இனிகோ அவனை இளைப்பாறச் சொல்கிறான். அவன் பூட்ஸைக் கழற்றிக் கல்லை உதறுகிறான். அந்த நேரத்தில் இனிகோ தன் கதையைச் சொல்கிறான். தந்தை வாள் செய்கிறவர். ஆறு விரல் உள்ள ஒருவன் வாள் கேட்டான். ஒரு வருடம் பாடுபட்டுச் செய்து முடித்ததும், பேசிய விலையில் பத்தில் ஒரு பங்குதான் தருவேன் என்றான். தந்தை மறுத்தார், அவன் குத்திக் கொன்றான். அப்போது இனிகோவுக்கு 11 வயது. அவனை எதிர்த்து நின்றதற்குக் கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு தழும்புகள் கிடைத்தன. 20 ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறான்.

பிறகு இருவரும் எழுந்து நிற்கிறார்கள். நீ நல்லவனாகத் தெரிகிறாய், உன்னைக் கொல்ல மனமில்லை என்கிறான் ஒருவன். நீயும் நல்லவனாகத் தெரிகிறாய், எனக்குச் சாக மனமில்லை என்கிறான் மற்றவன். சண்டை தொடங்குகிறது. அப்போதும் பேச்சு நிற்பதில்லை. பொனெட்டி, கப்போ ஃபெர்ரோ, திபோ, அக்ரிப்பா என்று அவர்கள் சொல்லும் பெயர்கள் எல்லாம் ஐரோப்பாவில் உண்மையிலேயே இருந்த வாள்வித்தை ஆசான்களுடையவை. ஒருவன் ஒரு முறையில் தாக்க, மற்றவன் அதற்கு எதிர்முறையைப் பெயர் சொல்லிப் பயன்படுத்துகிறான். இரண்டு வித்வான்கள் மேடையில் சந்தித்து ஒருவர் வித்தையை மற்றவர் ரசிப்பது போலத்தான் இருக்கிறது. தோற்கும் நிலையில் இனிகோ சிரிக்கிறான்: தான் இடக்கைக்காரன் இல்லையாம். வாளை வலக்கைக்கு மாற்றியதும் மேலோங்குகிறான். விளிம்புக்குத் தள்ளப்பட்ட முகமூடிக்காரனும் சிரிக்கிறான்: அவனும் இடக்கைக்காரன் இல்லை.

இதற்காக முகமூடிக்காரனாக வரும் கேரி எல்வெஸும் இனிகோவாக வரும் மேண்டி பட்டிங்கினும் இரண்டு கைகளாலும் வாள் வீசப் பல மாதம் பழகினார்கள். பயிற்சி கொடுத்தவர்கள் பீட்டர் டயமண்டும் பாப் ஆண்டர்சனும். ஆண்டர்சன் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக வாள்வீச்சில் கலந்துகொண்டவர். மற்ற காட்சிகளின் படப்பிடிப்பு இடைவேளைகளிலெல்லாம் பயிற்சி தொடர வேண்டும் என்பதற்காக இந்தக் காட்சியைக் கடைசிப் பகுதியில் வைத்துக்கொண்டார்கள். அந்தரத்தில் புரளும் இரண்டு இடங்கள் தவிர மற்றதெல்லாம் நடிகர்களே செய்தது. அதனால்தான் ரைனரால் கேமராவைத் தள்ளி வைத்து, தலை முதல் கால் வரை இருவரும் தெரிகிற மாதிரி நீண்ட ஷாட்டுகளில் எடுக்க முடிந்தது. கண்சிமிட்டும் நேரத்துக்கு ஒரு வெட்டு என்று ஓடும் இன்றைய சண்டைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய நிம்மதி. யார் எங்கே நிற்கிறார், யார் கை ஓங்குகிறது என்று உங்கள் மகளுக்கும் ஒவ்வொரு நொடியும் புரியும்.

எல்வெஸ் இந்தப் படத்தில் உடம்பை வருத்திக்கொண்டது இத்தோடு முடியவில்லை. கடத்தல்காரர்களில் ஒருவனான ஃபெஸிக்காக நடித்த ராட்சத உருவ மல்யுத்த வீரர் ஆந்த்ரே த ஜயண்ட்டைப் படப்பிடிப்புத் தளத்தில் ஏற்றிச் செல்ல வைத்திருந்த சிறிய மோட்டார் வண்டியை ஓட்டிப் பார்க்கப்போய்க் கால் பெருவிரலை முறித்துக்கொண்டார். நெருப்புச் சதுப்புக்குள் இறங்குவதற்கு முன்பு அவர் ஓடுவதை உற்றுப் பார்த்தால் ஒரு காலைச் சரியாக ஊன்றாதது தெரியும். ஆறு விரல் மனிதனாக வரும் கிறிஸ்டோபர் கெஸ்ட் வாளின் பிடியால் அவர் தலையில் அடிக்கும் காட்சியும் அப்படித்தான். பாவனையாக அடித்தது சரியாக வராததால், மெல்லத் தட்டிவிடுங்கள் என்று எல்வெஸே கேட்டார். அடி பலமாக விழுந்து உண்மையிலேயே மயங்கினார். படத்தில் இருப்பது அந்த டேக்தான்.

முதல் தடவை பார்க்கும்போது வெஸ்ட்லிதான் நாயகன். வயதான பிறகு பார்த்தால் படம் இனிகோவின் பக்கம் சாய்ந்துவிடும். எனக்கு இது வெஸ்ட்லியின் படமாகத் தெரிந்து வெகுகாலம் ஆகிறது. கடைசியில் இனிகோ ஆறு விரல் பிரபு ருகனை அரண்மனையில் பிடிக்கிறான். இருபது ஆண்டு ஒத்திகை பார்த்துவைத்த வாக்கியத்தைச் சொல்கிறான்: பெயர், அவன் தந்தையைக் கொன்ற குற்றம், சாகத் தயாராகு என்ற எச்சரிக்கை. ருகன் என்ன செய்கிறான்? திரும்பி ஓடுகிறான். வாழ்நாள் முழுக்க ஒரு கணத்துக்காகத் தயாரானவனுக்கு எதிராளி நின்று பேசக்கூட மாட்டேன் என்றால் எப்படி இருக்கும்! துரத்திப்போகிறவன் வயிற்றில் கத்தி பாய்கிறது. சுவரில் சாய்ந்து சரிந்தவன், தந்தையிடம் மன்னிப்புக் கேட்கிறான். பிறகு வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு எழுகிறான். அதே வாக்கியத்தை முனகலாகச் சொல்கிறான். மறுபடி சொல்கிறான், சத்தமாக. ஒவ்வொரு தடவைக்கும் கால் உறுதியாகிறது. தனக்குக் கிடைத்த காயங்களையும் கன்னத்துத் தழும்புகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கிறான். பணம் தருகிறேன், அதிகாரம் தருகிறேன், நீ எதைக் கேட்டாலும் தருகிறேன் என்று கெஞ்ச வைக்கிறான். எனக்கு என் அப்பா திரும்ப வேண்டும் என்று ஒரு வசவோடு சொல்லிக் குத்துகிறான்.

பட்டிங்கினின் தந்தை புற்றுநோயில் இறந்தவர். அந்தக் காட்சியில் தன் அப்பாவைக் கொன்ற புற்றுநோயைத்தான் எதிரே வைத்துக்கொண்டேன் என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இது தெரியாமல் பார்த்தாலும் அந்தக் குரலில் நகைச்சுவைப் படத்துக்கு மீறிய ஏதோ ஒன்று இருப்பது கேட்கும். எல்லாம் முடிந்து ஜன்னல் ஓரம் நின்று, இவ்வளவு நாள் பழிவாங்குவதையே தொழிலாகச் செய்துவிட்டேன், இனி மிச்ச வாழ்க்கையை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை என்கிறான் இனிகோ. வயது ஏறியபின் தனக்கு மிகவும் பிடித்த வசனமாகப் பட்டிங்கின் சொல்வது இதைத்தான். சிறு வயதில் நாம் யாரும் இதைக் காதில் வாங்கியே இருக்க மாட்டோம்.

வெஸ்ட்லிக்கும் ஹம்பர்டிங்குக்கும் கடைசி மோதலில் வாள்சண்டையே கிடையாது. இதையும் கவனியுங்கள். வெஸ்ட்லி கட்டிலில் சாய்ந்தபடி வாயால் மட்டுமே சண்டை போடுகிறான். ஒவ்வோர் உறுப்பாக எடுப்பேன், காதுகளை மட்டும் விட்டுவைப்பேன், பார்க்கிறவர்கள் அலறுவது உனக்குக் கேட்க வேண்டும் என்று வர்ணிக்க வர்ணிக்க இளவரசன் வெளிறிப்போகிறான். அதன்பின் வெஸ்ட்லி எழுந்து நின்று வாளை நீட்டி, உன் வாளைப் போடு என்கிறான். இளவரசன் போட்டுவிடுகிறான். அவனைக் கட்டிப்போட்டதும்தான் வெஸ்ட்லிக்கு நிற்கவே தெம்பில்லை என்பது தெரிகிறது. கதையைத் தூக்கி நிறுத்துவது சொல் என்று நம்புகிற ஓர் எழுத்தாளனால்தான் இப்படி முடிக்க முடியும்.

பில்லி கிரிஸ்டலும் கேரல் கேனும் வரும் மந்திர மருத்துவர் வீட்டுக் காட்சி இன்னும் வயிற்றைப் பதம்பார்க்கிறது. கிரிஸ்டல் ஒவ்வொரு டேக்கிலும் புதிதாகப் பேசிக்கொண்டே போனாராம். சிரிப்பை அடக்க முடியாமல் ரைனர் தளத்தை விட்டு வெளியே போக வேண்டியிருந்தது. பட்டிங்கின் சிரிப்பை அடக்கியதில் விலா எலும்பில் அடிபட்டுக்கொண்டார்.

இனி, வயதேறாத இடங்களைச் சொன்னேன் என்றால் வயதேறிய இடத்தையும் சொல்ல வேண்டும். பட்டர்கப்புக்குச் செய்ய வேலையே கொடுக்கவில்லை. ராபின் ரைட் நல்ல நடிகை. இளவரசனைக் கோழை என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் காட்சியில் அவர் கண்ணில் தெரியும் சீற்றம் எனக்கு மிகவும் பிடிக்கும். முகமூடிக்காரனைச் சரிவில் தள்ளிவிட்டு, அவன் யாரென்று புரிந்ததும் தயங்காமல் தானும் உருண்டு இறங்குகிறாளே, அதுவும் அருமை. ஆனால் சதுப்பில் ராட்சத எலி வெஸ்ட்லியைக் குதறும்போது ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு திகைத்து நிற்கிறாள். கடத்தப்படுகிறாள், மீட்கப்படுகிறாள், மறுபடி காத்திருக்கிறாள். சுற்றியுள்ள ஆண்களுக்கு ஆளுக்கொரு வித்தையும் ஆளுக்கொரு நகைச்சுவையும் கொடுத்த கோல்ட்மன், தலைப்பில் இருக்கிறவளுக்கு அழகையும் விசுவாசத்தையும் மட்டும் கொடுத்தது குறைதான். உங்கள் மகள் அதைப் பற்றிக் கேட்டால் பூசி மெழுகாதீர்கள். 9 வயதுப் பிள்ளை அதைக் கவனிப்பது நல்ல விஷயம்.

மார்க் நாஃப்ளரின் இசையும் சில இடங்களில் 1980-களின் சின்தசைசரை நினைவூட்டும். மென்மையான காட்சிகளில் அது இதமாக இருக்கிறது, கோட்டைக்குள் நுழையும் காட்சிகளில் மெலிந்து ஒலிக்கிறது. முடிவில் வில்லி டிவில் பாடும் பாட்டு ஆஸ்கருக்குப் பரிந்துரையானது.

பிள்ளைக்குச் சரிப்படுமா என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கத் தணிக்கையில் பிஜி சான்று, அதாவது பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம். ரத்தம் கொஞ்சம் உண்டு, நான் சொன்ன அந்த வசவு உண்டு. பயமுறுத்தக்கூடியது ஒன்றுதான்: பாதாள அறையில் வெஸ்ட்லியை ஓர் இயந்திரத்தில் கட்டி உயிரை உறிஞ்சும் காட்சி. அதன் முடிவில் அவன் அலறும் சத்தம் நாடு முழுக்கக் கேட்கிறது. அந்த நேரத்தில் படத்திலிருக்கும் பேரனே கோபப்பட்டு, இளவரசனை யார் கொல்வார்கள் என்று கேட்கிறான். யாரும் இல்லை, அவன் பிழைத்துக்கொள்வான் என்கிறார் தாத்தா. பையனுக்குத் தாங்கவில்லை. நல்லவன் சாகலாமா, கெட்டவன் பிழைக்கலாமா என்று பிள்ளைகள் கேட்பதைப் படமே கேட்டுவிடுவதால் உங்கள் வேலை பாதி குறைந்துவிடும்.

ஆங்கில சப்டைட்டிலைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். ஆந்த்ரே பிரெஞ்சுக்காரர். ஆழ்ந்த கரகரக் குரல். அவருக்கு வசனங்களை ரைனரே நாடாவில் பதிந்து கொடுத்துப் பழக்கினார். எதுகையில் பேசும் அவருடைய ஃபெஸிக் பாத்திரத்தின் குறும்பு, எழுத்தில் பார்த்தால்தான் முழுதாகப் பிடிபடும். பீட்டர் குக் செய்யும் மதகுருவின் உச்சரிப்பும் அப்படியே. ஆந்த்ரே அப்போது முதுகு அறுவை சிகிச்சை முடிந்து கடும் வலியில் இருந்தார் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். முடிவில் ஜன்னலிலிருந்து குதிக்கும் பட்டர்கப்பை அவர் தாங்கிப் பிடிக்கும் காட்சியில் ராபின் ரைட்டின் எடையைத் தாங்கியது மேலே கட்டிய கம்பிகள்.

இனி டிஸ்க். கேசட்டில் கிடைத்தது சுமார் 240 வரிகள் நுணுக்கம். புளூ-ரேயில் 1080. படச் சட்டத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 1.85:1 என்பதால் இன்றைய அகலமான டிவியில் மேலும் கீழும் நூலளவு கறுப்புத்தான் விழும். ஒளிப்பதிவாளர் ஏட்ரியன் பிடில் அதற்கு முந்தைய ஆண்டுதான் 'ஏலியன்ஸ்' செய்தவர். ஆடை வடிவமைத்த ஃபிலிஸ் டால்டன் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வுக்கு வேலை செய்தவர். அந்த வெல்வெட்டின் மடிப்பும், டர்பிஷயரின் ஹேடன் ஹால் மாளிகைக் கல்சுவரின் சொரசொரப்பும் கேசட்டில் நாம் பார்த்தே இராதவை. கூடவே செட் செட்டாகவும், எலி ஆள் புகுந்த உடுப்பாகவும் பளிச்சென்று தெரியும். அதில் எனக்குக் குறை தோன்றவில்லை. காய்ச்சலில் படுத்த பையன் கற்பனையில் பார்க்கிற உலகம் இது. படப்புத்தகத்தின் சாயம் அதற்குப் பொருத்தம்.

கிரைடீரியன் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட புளூ-ரேதான் என் தேர்வு. 4கே ஸ்கேனிலிருந்து எடுத்தது, பழைய கதைப்புத்தகம் போன்ற கெட்டி அட்டையோடு வந்தது. ரைனர், கோல்ட்மன், தயாரிப்பாளர் ஆண்ட்ரூ ஷைன்மன், கிரிஸ்டல், ஃபாக் ஆகியோர் 1996-இல் பேசிப் பதிந்த வர்ணனை ஒலித்தடம் அதில் உண்டு. மகள் தூங்கியபின் ஒருநாள் அதைப் போட்டுக் கேளுங்கள், கோல்ட்மன் பேசும் இடங்களுக்காகவே. பழைய டிவிடிகளில் 20-ஆம் ஆண்டுப் பதிப்பின் அட்டை வேடிக்கையானது: தலைகீழாகத் திருப்பினாலும் அதே தலைப்பை வாசிக்கலாம். பிள்ளைகளுக்குக் காட்ட நன்றாக இருக்கும், படத் தரத்தில் புளூ-ரேக்கு ஈடாகாது.

வாங்குமுன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கிரைடீரியன் புளூ-ரேக்கள் ஏ மண்டலப் பூட்டுப் போட்டவை, அதாவது அந்த மண்டலத்துப் பிளேயரில் மட்டும் ஓடுபவை. இந்தியாவும் இலங்கையும் சி மண்டலம். இங்கே வாங்கிய சாதாரண பிளேயரில் அந்த டிஸ்க் ஓடாது, எல்லா மண்டலமும் ஓட்டும் பிளேயர் வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவை ஏ மண்டலத்தில் சேர்ந்தவை. டிவிடியிலும் இதே கதைதான்: அமெரிக்க டிஸ்க் 1-ஆம் மண்டலம், நாம் 5-ஆம் மண்டலம். 4கே டிஸ்க்குகளுக்கு மட்டும் மண்டலப் பூட்டு கிடையாது. உங்களிடம் 4கே பிளேயர் இருந்தால் கிரைடீரியனின் 4கே பதிப்பையே வாங்கிவிடுங்கள், எந்த ஊரிலிருந்து தருவித்தாலும் ஓடும்.